ஃப்ரீஹேண்டில் வரைந்து வைத்திருப்பவர்களுக்கு

மேக்ரோமீடியா ஃப்ரீஹேண்ட் என்ற வரைகலை மென்பொருளில் வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. இங்கே டிடிபி, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை என்றாலே பேஜ்மேக்கரும் கோரல் டிராவும்தான். மேக் வைத்திருந்த சில விளம்பர நிறுவனங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் மட்டும் ஃப்ரீஹேண்ட் புழங்கியது. அப்படிப்பட்ட ஒரு சின்ன ஸ்டுடியோவில்தான், சென்னை ராயப்பேட்டையில், நான் புத்தக அட்டை வரையக் கற்றுக்கொண்டேன். பிறகு தனியாக வந்து பல வருடம் அதிலேயே அட்டைகளும் தலைப்பு எழுத்துகளும் வரைந்தேன். 2022-ல் அந்த ஃபைல்களைத் திறக்க முடியாமல் போனது. அவற்றை மீட்க நான் பட்ட பாட்டையும் ஆன செலவையும் இங்கே எழுதுகிறேன். பேஜ்மேக்கர், ஃப்ளாஷ், ஃபயர்வொர்க்ஸ் என்று நின்றுபோன எதில் பழைய வேலையை வைத்திருந்தாலும் இதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

முதலில், ஏன் அதை விட மனம் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ‘பழைய சாஃப்ட்வேரைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே’ என்று கேட்டவர்கள் நிறைய. ஃப்ரீஹேண்டில் ஒரு கோட்டின் மேல் வைக்கும் புள்ளிகள் மூன்று வகை: கார்னர், கர்வ், கனெக்டர். கார்னர் சதுரமாகவும், கர்வ் வட்டமாகவும், கனெக்டர் முக்கோணமாகவும் தெரியும். இந்த முக்கோணப் புள்ளிதான் எனக்கு உயிர். ‘ம’ எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கோடு நேராகப் போய், வலது பக்கம் வளைந்து மேலே ஏறும். நேர்க்கோடு முடிந்து வளைவு தொடங்கும் அந்த இடத்தில் கனெக்டர் புள்ளியை வைத்தால், அதன் கைப்பிடி (வளைவை இழுத்துச் சரிசெய்யும் நுனி) நேர்க்கோட்டின் திசையிலேயே பூட்டிக்கொள்ளும். வளைவை எவ்வளவு புடைக்க வைத்தாலும், ஒடுக்கினாலும் அடிக்கோடு ஒரு மயிரிழைகூடக் கோணாது. நேரும் வளைவும் மாறி மாறி வரும் தமிழ் எழுத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது தலைப்பு எழுத்து வரைபவர்களுக்குத் தெரியும். அடோபியின் இல்லஸ்ட்ரேட்டரில் கார்னர், ஸ்மூத் என்ற இரண்டு வகைதான். அதிலும் வரையலாம், வரைகிறேன். ஆனால் பழகிய அரிவாள்மணையில் காய் நறுக்கும் கைக்கு வேறு எது கொடுத்தாலும் வேகம் குறையத்தானே செய்யும்.

இன்னொன்று பக்கங்கள். முன்னட்டை, முதுகு, பின்னட்டை, உள்மடிப்பு, புத்தகக் கண்காட்சிக்கான போஸ்டர் எல்லாவற்றையும் வெவ்வேறு அளவுப் பக்கங்களாக ஒரே ஃபைலில் பரப்பி வைக்கலாம். இல்லஸ்ட்ரேட்டரில் இந்த வசதி 2008-ல் சிஎஸ்4 பதிப்பு வந்த பிறகுதான் கிடைத்தது. ஒரு புத்தகத்துக்கு ஒரு ஃபைல் என்று நான் பழகியதற்குக் காரணம் இதுதான்.

ஃப்ரீஹேண்டின் கதை பலருக்குத் தெரியாது. 1988-ல் ஆல்ட்சிஸ் என்ற நிறுவனம் உருவாக்கி, ஆல்டஸ் விற்ற மென்பொருள் அது. 1994-ல் ஆல்டஸ் அடோபியோடு இணைந்தபோது, இல்லஸ்ட்ரேட்டரும் ஃப்ரீஹேண்டும் ஒரே கையில் இருந்தால் போட்டியே இருக்காது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் தலையிட்டது. ஃப்ரீஹேண்ட் மீண்டும் ஆல்ட்சிஸுக்குப் போனது. அடுத்த வருடமே ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா வாங்கியது. 2003-ல் வந்த எம்எக்ஸ்தான் கடைசிப் பதிப்பு. 2005-ல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. 2007-ல் இனி புதிய பதிப்பு வராது என்று அறிவித்தது. உலகம் முழுக்க என்னைப் போன்றவர்கள் ஒன்றுகூடி, 2011-ல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். அது அடுத்த வருடம் சமரசத்தில் முடிந்தது. ஃப்ரீஹேண்ட் திரும்ப வரவில்லை.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நிறுத்தப்பட்ட நாளில் எனக்கு எதுவுமே ஆகவில்லை. மறுநாளும் திறந்தது, வரைந்தேன், பிளேட் போட்டார்கள், அச்சானது. உண்மையான கெடு அதைச் சுற்றி இருக்கும் சிப், ஓஎஸ் (இயங்குதளம்), மற்ற மென்பொருள்கள் ஆகியவற்றிடம் இருந்தது. மேக்குக்கான ஃப்ரீஹேண்ட் எம்எக்ஸ், பவர்பிசி சிப்புக்காக எழுதப்பட்டது. 2006 முதல் மேக் இன்டெல் சிப்புக்கு மாறியபோது, ரொசெட்டா என்ற இடைநிலை ஏற்பாடு பழையவற்றை ஓட வைத்தது. மேக் ஓஎஸ்ஸின் ஸ்னோ லெப்பர்ட் பதிப்பு வரைக்கும்தான் அது. 2011 ஜூலையில் வந்த அடுத்த பதிப்பான லயனில் ரொசெட்டா இல்லை. அதே சமயத்தில், ஃப்ரீஹேண்ட் ஃபைலை நேரடியாகத் திறக்கும் வசதி இல்லஸ்ட்ரேட்டரில் சிஎஸ்5 காலம் வரை இருந்தது. 2012-ல் வந்த சிஎஸ்6-ல் எடுத்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் அடைபட்டன. ஆகவே நீங்கள் நம்பியிருக்கும் மென்பொருள் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டால் மூன்று கேள்விகளை வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஓஎஸ்ஸில் இது ஓடுமா? அடுத்து வரும் சிப்பில் ஓடுமா? இந்த ஃபைலைத் திறக்கும் வேறு மென்பொருள் இன்னும் விற்பனையில் இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்த மாதமே மாற்றும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

என்னிடம் ஸ்னோ லெப்பர்ட் போட்ட பழைய ஐமேக் ஒன்று ஃப்ரீஹேண்டுக்காக மட்டுமே இருந்தது. மற்ற வேலைக்குப் புது மேக். 2022-ல் ஒரு பதிப்பாளர், முன்பு நான் அட்டை போட்ட 12 குறுநாவல்களை மறுபதிப்பு செய்ய முன்வந்தார். கிரவுன் அளவில் வந்தவை டெமிக்கு மாற வேண்டும், ஐஎஸ்பிஎன் பட்டை மாற வேண்டும், பின்னட்டை வாசகத்தில் திருத்தம் உண்டு. அட்டைக்கு 5,000 வீதம் 60,000 ரூபாய். ஓவியங்கள் எல்லாம் என் கையில் இருப்பவை என்பதால் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். 15,000 முன்பணமும் வாங்கினேன். அடுத்த வாரம் ஐமேக்கின் திரையில் செங்குத்தாகக் கோடுகள் விழுந்தன. அணைத்துப் போட்டால் சாம்பல் திரைதான், உள்ளே ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று அடித்தது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் இருந்தது. கடைசி இரண்டு வருட வேலை நீங்கலாக எல்லா ஃபைலும் அதில் பத்திரமாக இருந்தது. ஆனால் புது மேக்கில் எந்த ஃபைலை இருமுறை கிளிக் செய்தாலும், இதைத் திறக்க எதுவும் இல்லை என்ற ஒரே பதில். எனக்கு அன்று வந்தது கோபமில்லை, ஒரு பயம். இருபது வருடத்து வேலை கண் முன்னால் பெயர்ப் பட்டியலாக நிற்கிறது. ஒன்றைக்கூடப் பார்க்க முடியவில்லை. வீட்டில் சொன்னால், ‘வேற ஏதாவதுல பண்ணிக்கலாமே’ என்கிறார்கள். பதிப்பாளர் போனில், ‘பழைய அட்டைதானேம்மா, அதையே கொஞ்சம் மாத்தி அனுப்ப வேண்டியதுதானே?’ என்கிறார். அவர் கேட்டதில் தப்பில்லை. என்னால் விளக்கத்தான் முடியவில்லை. அன்றிரவு குளியலறையில் போய் அழுதேன். பேக்கப் என்பது ஃபைலை மட்டும் எடுத்து வைப்பதில்லை. அதைத் திறக்கும் மென்பொருள், அது ஓடும் ஓஎஸ், அதில் பயன்பட்ட எழுத்துருக்கள் எல்லாம் சேர்ந்ததுதான் பேக்கப். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

விடுபட்ட இரண்டு வருட வேலைக்காக ஐமேக்கின் டிஸ்க்கை ரிச்சி தெருவில் ஒரு டேட்டா ரெக்கவரி கடையில் கொடுத்தேன். 16,000 ரூபாய். ஃபைல்களை விண்டோஸில் எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். கடைப் பையன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான்: “அக்கா, ஃபாண்ட் மட்டும் எல்லாமே ஜீரோ கேபின்னு காட்டுது.” பழைய மேக் போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்களில் எழுத்தின் வடிவம் முழுக்க ‘ரிசோர்ஸ் ஃபோர்க்’ என்ற தனிப் பகுதியில் இருக்கும். மேக்குக்குத்தான் அது தெரியும். விண்டோஸ் வழியாக நகலெடுத்தால் அந்தப் பகுதி உதிர்ந்து, பெயர் மட்டும் மிஞ்சும். பழைய மேக் எழுத்துருக்கள் உங்களிடம் இருந்தால், மேக்கிலேயே ஜிப் அல்லது டிஸ்க் இமேஜ் ஆக்கிய பிறகுதான் வேறெங்கும் நகர்த்த வேண்டும். ரெக்கவரிக்குக் கொடுக்க நேர்ந்தால், ‘ஃபைலாக எடுக்க வேண்டாம், டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே குளோன் செய்து கொடுங்கள்’ என்று கேளுங்கள். மற்றதை ஒரு மேக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓவிய ஃபைல்கள் தப்பித்தன. ஆனால் பலவற்றுக்குப் பெயருக்குப் பின்னால், எந்த வகை ஃபைல் என்று சொல்லும் எக்ஸ்டென்ஷன் இல்லை. அந்தக் காலத்து மேக்கில் அது தேவைப்படவில்லை. எது ஓவியம், எது கணக்கு என்றே தெரியாத குவியல். இதற்கு ஒரு வழி உண்டு: சந்தேகமான ஃபைலை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். குப்பை எழுத்துகளுக்கு நடுவே தொடக்கப் பகுதியில் ‘ஏஜிடி’ (AGD) என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது பெரும்பாலும் ஃப்ரீஹேண்ட் ஃபைல்தான். பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து எஃப்ஹெச்11 (fh11) என்று சேர்த்தால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று செலவில்லாமல் பார்க்க லிப்ரேஆபீஸ் டிராவே உதவும். அது ஃப்ரீஹேண்ட் ஃபைலைத் திறக்கும். அச்சுக்கு அனுப்பும் தரம் அதில் கிடைக்காவிட்டாலும், எந்த ஃபைல் எது என்று பிரித்து அடுக்க எனக்கு அதுதான் கைகொடுத்தது.

நடுவில் ஒரு வீண் செலவும் வந்தது. பழைய மேக் ஒன்று வாங்கிவிட்டால் பிரச்சினை தீரும் என்று விசாரித்ததில், ஒரு கடைக்காரர் மேக் மினி ஒன்றை 13,000 ரூபாய்க்குக் கொடுத்தார். ஸ்னோ லெப்பர்ட் ஓடுமா என்று கேட்டேன். பழைய மாடல்தான், ஓடும் என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து டிஸ்க் போட்டால் ஏறவே இல்லை. அது 2011 நடுவில் வந்த மாடல், லயனோடு பிறந்தது. அதற்கு முந்தைய ஓஎஸ் அதில் ஏறாது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். இதற்காக மேக் தேடுபவர்கள் மாடல் வருடத்தைப் பார்த்து வாங்குங்கள். மினி என்றால் 2010 மாடல் வரைதான். கடையிலேயே ஸ்னோ லெப்பர்டைப் போட்டு, ரொசெட்டாவையும் நிறுவி, உங்கள் ஃபைல் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

வழி பிறந்தது எதிர்பார்க்காத இடத்தில். பழைய ஸ்டுடியோ முதலாளியை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். தொழிலை விட்டுவிட்டு ஊரோடு இருக்கிறார். அவரிடம் புலம்பியபோது, “விண்டோஸுக்கு வாங்கின ஃப்ரீஹேண்ட் எம்எக்ஸ் பெட்டி ஒண்ணு பரண்ல கிடக்கு, பிரிச்சுக்கூடப் பார்க்கல” என்றார். கூரியரில் வந்தது. சீரியல் எண்ணைப் போட்டு ஒரு விண்டோஸ் 10 லேப்டாப்பில் நிறுவினேன். ஓடியது! மேக்கில் வரைந்த ஃபைலும் திறந்தது. அந்தக் குறுநாவல் வரிசையின் முதல் அட்டை திரையில் விரிந்து, என் ‘ம’வின் அடிக்கோட்டில் அந்தச் சின்ன முக்கோணத்தைப் பார்த்தபோது வந்த நிம்மதியை எழுத எனக்குத் தெரியவில்லை. ஆகவே மென்பொருளின் டிஸ்க், சீரியல் எண், பெட்டி எதையும் தூக்கிப் போடாதீர்கள். இன்னொரு இயங்குதளத்துக்கான பதிப்பு யாரிடமாவது சும்மா கிடந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். நெட் வழியாக ஆக்டிவேட் செய்ய வேண்டிய மென்பொருளாக இருந்தால் இன்னும் உஷார் தேவை. ஆக்டிவேஷன் சர்வர் நின்றுவிட்டால் கையில் டிஸ்க் இருந்தும் புதிதாக நிறுவ வழியில்லாமல் போகலாம்.

சரி, திறந்தாகிவிட்டது. அப்புறம்தான் தமிழ் கைவிட்டது. ‘கர்வ்’ பண்ணி, அதாவது எழுத்துருவே தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி வைத்த தலைப்பு எழுத்துகள் வரைந்தது வரைந்தபடி இருந்தன. பின்னட்டை வாசகம், ஆசிரியர் குறிப்பு, முதுகில் வரும் பெயர் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடந்தன. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் 8-பிட்டில், அதாவது மொத்தம் 256 இடங்களுக்குள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லையென்றால் தமிழே இல்லை. எழுத்துரு கிடைத்தாலும், மேக்கிலும் விண்டோஸிலும் மேல்வரிசை 128 இடங்களின் வரிசை வேறு என்பதால் சில எழுத்துகள் மாறி விழும். ‘றா’ இருக்க வேண்டிய இடத்தில் வேறென்னவோ நிற்கும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவை பாமினி, டேப், டேம் என்ற பழைய எழுத்துரு முறைகளில் சுத்தமாக இருக்கும் வாசகத்தை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடுக்கு அழகாக மாற்றும்; இப்படி வழியிலேயே கலங்கிய வாசகத்துக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அச்சான பழைய பிரதிகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாக யுனிகோடில் தட்டச்சு செய்ய ஆள் வைத்தேன். அதற்கு 9,000 ரூபாய்.

இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை, அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2010-ல் தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது. பழைய எழுத்துருவில் இருக்கும் வாசகங்களை அதோடு விட்டுவிடாமல், தனியாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் யுனிகோடாக, ஓவியத்துக்குப் பக்கத்திலேயே சேமித்து வையுங்கள். ஓவியம் போனால் திரும்ப வரையலாம். ஒரு எழுத்தாளர் தன் கையால் எழுதிக் கொடுத்த பின்னட்டை வாசகம் போனால், அவர் இப்போது இல்லையென்றால், யாரிடம் போய்க் கேட்பது? எனக்கு அப்படி ஒன்று போனது. அந்தப் புத்தகத்தின் பிரதியும் பதிப்பாளரிடம் இல்லை. இன்னொரு விஷயம்: போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 எழுத்துருக்களுக்கு அடோபி மென்பொருள்களில் 2023 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது. இல்லஸ்ட்ரேட்டரிலேயே வரைந்த உங்கள் பழைய தமிழ் வேலையும் இதே நிலைக்கு வந்திருக்கலாம். ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

மாற்றும் வேலை இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. ஒவ்வொரு ஃபைலையும் மூன்று விதமாக வெளியே எடுத்தேன்: பார்ப்பதற்கும் அச்சுக்கும் ஒரு பிடிஎஃப், திருத்துவதற்கு இபிஎஸ், பிறகு எதுவும் திறக்காவிட்டாலும் தெரியும்படி 300 டிபிஐயில் ஒரு டிஃப் படம். லென்ஸ் ஃபில் போட்ட இடங்களைத் தனியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஃப்ரீஹேண்டில் ஒரு வடிவத்தின் வழியாக அடியில் இருப்பதை மங்கலாகவோ பெரிதாகவோ காட்டும் வசதி அது. வெளியே எடுக்கும்போது தட்டையாகி, சில அட்டைகளில் நிறமே மாறியது. திரையை மட்டும் நம்பாமல் அச்சான அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். அஃபினிட்டி டிசைனர் என்ற மென்பொருள் ஃப்ரீஹேண்ட் 10, எம்எக்ஸ் ஃபைல்களை நேரடியாகத் திறக்கும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பழைய மென்பொருளை நிறுவ வழியே இல்லாதவர்கள் முதலில் அதைத்தான் முயன்று பார்க்க வேண்டும். கனெக்டர் புள்ளிகள் எந்த வழியில் போனாலும் சாதாரணப் புள்ளிகளாகிவிடும். வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் கைப்பிடியைத் தொட்டு இழுத்தால் நேர்க்கோட்டின் பூட்டு இருக்காது. ஆகவே எழுத்தில் திருத்தம் ஏதாவது செய்ய நினைத்தால் மாற்றுவதற்கு முன்பே அங்கேயே செய்துவிடுங்கள்.

பதிப்பாளரால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியவில்லை. 12-ல் ஐந்து அட்டைகளை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். எனக்கு 25,000 ரூபாய் போனது. ரெக்கவரி, மேக் மினி, தட்டச்சு எல்லாம் சேர்ந்து 38,000. மீதி ஏழு அட்டைக்கு வந்த 35,000 செலவுக்கே பற்றவில்லை. அந்த ஐந்து புத்தகங்களும் கடையில் வேறு முகத்தோடு நிற்பதைப் பார்க்கும்போது வலிக்கத்தான் செய்கிறது. வரைந்தவர் நன்றாகத்தான் வரைந்திருக்கிறார், அது வேறு விஷயம்.

இப்போதும் தலைப்பு எழுத்தை ஃப்ரீஹேண்டில்தான் வரைகிறேன். விட முடியவில்லை, விட வேண்டிய அவசியமும் இல்லை. அந்த லேப்டாப்பை நெட்டில் இணைப்பதில்லை. விண்டோஸ் அப்டேட் வந்து எதையாவது உடைத்துவிடக்கூடாது. அதன் டிஸ்க் முழுவதற்கும் ஒரு இமேஜ் எடுத்து வேறு வீட்டில் வைத்திருக்கிறேன். வரைந்து முடித்த எழுத்து அன்றைக்கே வெளியே வந்துவிடும். இபிஎஸ் வழியாக இல்லஸ்ட்ரேட்டருக்குப் போகும், அங்கிருந்து எஸ்விஜி ஆகவும் சேமிப்பேன். எஸ்விஜி எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொதுத் தரம் என்பதால் நாளை இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளிலும் திறக்கும். வாசகம் முழுக்க யுனிகோடு. பக்கம் அமைக்கும் இன்டிசைனில் அதைச் சேர்க்கும்போது பாரக்ராஃப் அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் ‘கொ’, ‘கெ’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும்.

உங்களிடம் இப்போது ஒரு பழைய மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் எழுத்துருக்களை ஜிப் செய்யுங்கள். அடுத்து வாசகம் உள்ள ஃபைல்களை அந்த எழுத்துரு ஏறியிருக்கும்போதே பிடிஎஃப் ஆக்குங்கள். ‘கர்வ்’ ஆன ஓவியங்கள் கொஞ்சம் பொறுக்கும், அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மறுபதிப்பு வர வாய்ப்புள்ள புத்தகங்கள் எவை என்று பதிப்பாளரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு, அந்த வரிசையில் போங்கள்.